நான் ஏன் செத்தேன் என்று எனக்குத் தெரிய வேண்டும்

புதுக் கதாபாத்திரங்களை உருவாக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

அணிக்கு ஐந்து பேராக இணையத்தில் மோதிக்கொள்கிற உங்கள் கணிப்பொறி விளையாட்டை ஆறு ஆண்டுகளாக ஆடி வருகிறேன். பெரிய ராங்க் எல்லாம் கிடையாது. ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை, நடுவில் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறேன். பந்தயங்களில் ஆடுகிற தேர்ந்த ஆட்டக்காரர்கள் உங்களுக்கு நிறைய எழுதுவார்கள், நீங்களும் காது கொடுத்துக் கேட்பீர்கள். இது வேலையெல்லாம் முடிந்த பிறகு நண்பர்களோடு மூன்று ஆட்டம் ஆடிவிட்டுத் தூங்கப் போகிற ஒருவனின் கடிதம். கதாபாத்திரம் என்று ஒவ்வொரு முறையும் நீட்டி முழக்காமல் ஹீரோ என்றே எழுதுகிறேன். எங்களுக்குள் அப்படித்தான் பேசிக்கொள்கிறோம்.

போன வாரம் செத்த ஒரு சாவைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நான் ஆடுவது எப்போதும் ஒரே ஹீரோ: தடி ஊன்றி நடக்கிற அந்த வயதான வைத்தியச்சி. எங்கள் கூட்டத்தில் அவளுக்குப் பெயர் கிழவி. தூணுக்குப் பின்னால் நின்று, முன்னால் நின்று அடி வாங்குகிற எங்கள் டேங்குக்கு உயிர் ஏற்றிக்கொண்டிருந்தேன். என் உயிர் முழுதாக இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் எதிரி யாருமில்லை. திடீரென்று காலடியில் தரை ஊதாவாக மாறியது. திரை ஒரு முறை மினுங்கியது. நான் வேறு எங்கேயோ நின்றிருந்தேன், அப்புறம் செத்துக் கிடந்தேன். எல்லாம் ஒரு நொடிக்குள். செத்த விதத்தைத் திரும்பக் காட்டும் கில் ரீப்ளேயைப் பார்த்தேன், புரியவில்லை. கூட ஆடிய மூவரிடம் கேட்டேன். ஒருவன் அது புது ஹீரோவின் பேஸிவ் (தானாகவே வேலை செய்யும் திறன்) என்றான். இன்னொருவன், இல்லையில்லை, அந்தப் பேஸிவை இரண்டு பேட்ச்சுக்கு (திருத்தப் பதிப்புக்கு) முன்பே மாற்றிவிட்டார்கள் என்றான். மூன்றாமவன், "எனக்கும் தெரியலடா, போன மேட்ச்ல நானும் அப்படித்தான் செத்தேன்" என்றான்.

மறுநாள் உட்கார்ந்து ஸ்கில் விளக்கப் பக்கங்களைப் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இரண்டு ஹீரோக்கள் சேர்ந்து செய்த வேலை அது. ஒருத்தி தரையில் விரிக்கிற வலையை இன்னொருவன் தனக்குக் கதவாக மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கதவு வழியாக இழுக்கப்பட்டவருக்கு அரை நொடி கேடயம் வேலை செய்யாது. விளக்கத்தின் ஏழாவது வரியில் இது இருக்கிறது. அருமையான யோசனைதான், கிண்டலாகச் சொல்லவில்லை. ஆனால் ஆட்டத்துக்கு நடுவில், ஒரு நொடியில், தூணுக்குப் பின்னால் நிற்கிற நான் அதை எதை வைத்துக் கண்டுபிடித்திருக்க வேண்டும்?

விளையாட வந்த முதல் மாதத்தில் இதைவிட எவ்வளவோ அதிகம் செத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரிந்திருந்தது. மாடத்தில் வில்லாளி இருக்கிறான் என்று தெரிந்தே எட்டிப் பார்த்தேன், அம்பு வந்தது. சக்கரக்காரன் உருண்டு வரும் சத்தம் கேட்டும் ஒதுங்கவில்லை, நசுங்கினேன். "சே, இந்தப் பக்கம் போயிருக்கலாமே" என்று ஒரு எரிச்சல் வரும் பாருங்கள், தோற்றவனை இன்னொரு ஆட்டத்துக்கு உட்கார வைப்பது அதுதான். காரணம் தெரியாத சாவில் அந்த எரிச்சல் வருவதில்லை. கொட்டாவி வருகிறது.

ஆகவே இந்தக் கடிதத்தில் நான் கேட்பது ஒன்றைத்தான். செத்தால் ஏன் செத்தேன் என்று எனக்குத் தெரிய வேண்டும். ஹீரோக்கள் கூடக் கூட அது எங்கள் கையை விட்டு நழுவுகிறது.

புது ஹீரோவே வேண்டாம் என்கிற கட்சி இல்லை நான். ஒவ்வொரு சீசனுக்கும் முன்னால் நீங்கள் வெளியிடுகிற கறுப்பு நிழலுருவப் படத்தை வைத்துக்கொண்டு இரவெல்லாம் ஊகம் பேசுகிறவர்களில் நானும் ஒருவன். வெளியாகிற இரவில் பத்துப் பேரும் அந்த ஒரு ஹீரோவுக்காக அடித்துக்கொள்வதும், கிடைத்தவன் எதை அழுத்துவது என்று தெரியாமல் பள்ளத்தில் விழுந்து சாவதும், எல்லாரும் சிரிப்பதும் வேறு எந்தப் பொழுதுபோக்கிலும் எனக்குக் கிடைக்காத சந்தோஷம். புது முகம் வராவிட்டால் கூட்டம் கலைந்துவிடும் என்ற உங்கள் பயமும் புரிகிறது. ஹீரோஸ் ஆஃப் தி ஸ்டோர்ம் விளையாட்டுக்கு 2020 டிசம்பரில் வந்த ஹாகர்தான் கடைசிப் புது ஹீரோ. 2022 ஜூலையில், இனி புதிதாகப் பெரிய சரக்கு எதுவும் வராது என்று அறிவித்தே விட்டார்கள். புது ஹீரோ நின்றதால் விளையாட்டு தளர்ந்ததா, தளர்ந்ததால் நின்றதா என்று நான் வாதாடப் போவதில்லை. எப்படிப் பார்த்தாலும் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கக்கூடிய கதை அது.

எதிர்ப்பக்கத்திலும் ஓர் உதாரணம் இருக்கிறது. டீம் ஃபோர்ட்ரஸ் 2 விளையாட்டு 2007-இல் ஒன்பது வகை வீரர்களோடு வந்தது. இன்றைக்கும் ஒன்பதுதான். பத்தாவது ஆள் வரவே இல்லை. அதற்குப் பதிலாக ஆயுதங்களைச் சேர்த்துக்கொண்டே போனார்கள், அதில் வேறு தலைவலிகள் வந்தன, அது தனிக் கதை. ஆனால் ஒரு விஷயத்தை அவர்கள் தொடக்கத்திலேயே பிடித்துவிட்டார்கள். தூரத்தில் வெறும் நிழலாகத் தெரிந்தாலும், வருவது குண்டன் ஹெவியா, ஒல்லி ஸ்கவுட்டா, முகமூடி பைரோவா என்று உருவத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். யார் என்று தெரிந்த மறுகணம் என்ன செய்வான் என்றும் தெரியும். அப்புறம் சண்டையா ஓட்டமா என்பது நம் பாடு.

இப்போது கொஞ்சம் கணக்கு. உங்கள் அலுவலகத்தில் யாராவது போட்டிருப்பார்கள், இருந்தாலும் என் பங்குக்கு நானும் போட்டுப் பார்த்தேன். எல்லாருக்கும் தெரிந்த லீக் ஆஃப் லெஜண்ட்ஸை எடுத்துக்கொள்கிறேன். 2009 அக்டோபரில் வெளியானபோது அதில் 40 சாம்பியன்கள் (அங்கே ஹீரோவுக்கு அதுதான் பெயர்). இன்று 160-ஐத் தாண்டிவிட்டது. தோராயமாக நான்கு மடங்கு. ஆனால் ஆட்டத்தில் யாரும் தனியாக வருவதில்லையே. 40 பேரை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 780 ஜோடிகள். 160 பேரைச் சேர்த்தால் 12,720 ஜோடிகள். ஆள் நான்கு மடங்கு என்றால் ஜோடி பதினாறு மடங்கு. ஐந்து பேர் கொண்ட ஓர் அணியை 40 பேரிலிருந்து 6,58,008 விதமாக அமைக்கலாம், 160 பேரிலிருந்து அமைத்தால் அது 82 கோடியைத் தாண்டுகிறது. இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 41-ஆவதாக வருகிறவர் தன்னோடு 40 புது ஜோடிகளைக் கூட்டி வருகிறார். 161-ஆவதாக வருகிறவர் 160-ஐக் கூட்டி வருகிறார். நீங்கள் ஒவ்வொரு முறையும் செய்வது ஒரே ஒரு ஹீரோதான். நாங்கள் படிக்க வேண்டிய பாடம் மட்டும் முறைக்கு முறை தடிமனாகிறது. உங்கள் சோதனைக் குழுவுக்கும் இதே கதிதான் என்று நினைக்கிறேன், அவர்களைக் கேட்டால் என் பக்கம் பேசுவார்கள்.

இத்தனை ஜோடிகளையும் யாரும் மனப்பாடம் செய்வதில்லை என்பது சரிதான். நாங்கள் ஒப்பிட்டுத்தான் கற்றுக்கொள்கிறோம். "இவன் அந்த வில்லாளி மாதிரி, ஆனா கொஞ்சம் பறப்பான்" என்று நண்பன் ஒரு வரியில் சொன்னால் போதும், பாதிப் பாடம் முடிந்தது. இங்கேதான் உங்கள் சங்கடமும் எனக்குத் தெரிகிறது. பழைய ஒருவரைப் போலவே புது ஹீரோவைச் செய்தால், "இதற்கு எதற்குப் புதுசு" என்று நாங்களே திட்டுவோம். யாரைப் போலவும் இல்லாமல் செய்தால் அந்த ஒரு வரி அறிமுகம் சாத்தியமில்லை. லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் தொடக்கத்திலிருந்தே இருக்கும் ஆன்னியை எடுத்துக்கொள்ளுங்கள்: சிறுமி, நெருப்பு வீசுவாள், சில மந்திரங்களுக்கு ஒருமுறை எதிரியை ஸ்தம்பிக்க வைப்பாள், கோபம் வந்தால் கரடியை வரவழைப்பாள். புதிதாக வருபவனுக்கு அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். 2019 டிசம்பரில் வந்த அஃபீலியஸிடம் ஐந்து ஆயுதங்கள். ஒரு நேரத்தில் இரண்டை வைத்திருப்பான். குண்டு தீர்ந்தால் அடுத்தது வரிசையில் வரும். எந்த இரண்டு அவன் கையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்து அவன் செய்யக்கூடியது மாறும். அவனை ஆடுகிறவருக்கு அது விருந்து. எதிரில் நிற்கிறவரோ அவன் கையில் இப்போது எது இருக்கிறது, அடுத்து எது வரும் என்று கணக்கு வைத்துக்கொண்டே சண்டை போட வேண்டும்.

உங்கள் விளையாட்டில் கடைசியாக வந்த நால்வரும் அஃபீலியஸ் ரகம். ஆன்னி ரகத்தில் ஒருவர் வந்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. புது ஹீரோவை ஆடுகிறவருக்காக மட்டும் செய்கிறீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பத்துப் பேர் ஆடுகிற ஆட்டத்தில் அவரை ஆடுவது ஒருவர், அவருக்கு எதிரே நிற்பது ஐந்து பேர். அந்த ஐந்து பேருக்கும் அவர் எப்படி இருக்கிறார் என்பதும் வடிவமைப்பில் சேர்ந்ததுதானே?

ஆட்கள் கூடினால் ஆட்டம் பல விதமாகும் என்று உங்கள் அறிவிப்புகளில் அடிக்கடி வருகிறது. அதுவும் தானாக நடப்பதில்லை. 2000-இல் வந்த மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2 என்ற சண்டை விளையாட்டில் 56 பேர் இருந்தார்கள். அந்தக் காலத்துக்கு அது பிரம்மாண்டம். ஆனால் போட்டி மேடையில் திரும்பத் திரும்ப வந்தது மேக்னெட்டோ, ஸ்டோர்ம், சென்டினல், கேபிள் என்று ஒரு கை விரலுக்குள் அடங்கும் கூட்டம். மற்றவர்கள் தேர்வுத் திரையை அலங்கரித்தார்கள். அதற்கு முன், 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் நாம் ஆடக்கூடியவர்கள் எட்டுப் பேர்தான். அடுத்த ஆண்டுப் பதிப்பில் நான்கு வில்லன்களையும் ஆட விட்டு 12 ஆக்கினார்கள், 1993-இல் நான்கு புதியவர்களைச் சேர்த்து 16 ஆக்கினார்கள். எட்டிலிருந்து பதினாறுக்கு வர இரண்டு ஆண்டுகளுக்கு மேல். அந்த இடைவெளியில் ஆட்டக்காரர்களுக்கு ஒவ்வொருவரின் அடியும் எலும்பில் ஊறிவிட்டது.

இனி கிழவியைப் பற்றி. இதில் எனக்குச் சொந்த வருத்தம் உண்டு, ஒளிக்கவில்லை.

ஆறு ஆண்டுகளாக அவளை ஆடுகிறேன். தடியைத் தட்டினால் பச்சை வட்டம் விரியும், உள்ளே நிற்பவர்களுக்கு உயிர் ஏறும். அவ்வளவுதான் அவள். இந்த ஆறு ஆண்டுகளில் அவளுக்கு நீங்கள் புதிதாகக் கொடுத்தது ஒன்றே ஒன்று, விலைபோட்டு விற்ற உடை. பிடுங்கியது இரண்டு முறை. முதல் முறை, புதிதாக வந்த ஓர் ஓட்டக்காரன் அவளுடைய வட்டத்துக்குள் நின்றால் சாகவே மாட்டான் என்று கண்டுபிடித்தார்கள். நீங்கள் வட்டத்தைச் சிறிதாக்கினீர்கள். இரண்டாம் முறை, அதே மாதிரி இன்னொருவன் வந்தான், வட்டத்தின் நேரத்தைக் குறைத்தீர்கள். இருவரும் இப்போது அப்படியே இருக்கிறார்கள், அவர்களுடைய ஸ்கின், அதாவது உடை, நன்றாக விற்கிறது. கிழவிதான் யாருக்கும் உதவாதவளாகிவிட்டாள். புதியவன் செய்த தப்புக்குப் பழையவள் அபராதம் கட்டிக்கொண்டிருக்கிறாள். ஆட்டத்துக்கு முன் காத்திருக்கும் லாபியில் நான் அவளைத் தேர்ந்தெடுத்தால் முன்பின் தெரியாதவர்கள் "வேறு யாரையாவது எடு ப்ளீஸ்" என்று எழுதுகிறார்கள். மரியாதையானவர்கள்தான் ப்ளீஸ் போடுகிறார்கள்.

ஒரு புதுவரவு பழையவர்களின் ஆட்டத்தை எவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு போகும் என்பதற்கு ஓவர்வாட்ச் நல்ல பாடம். 2016 மே மாதம் 21 பேரோடு தொடங்கிய விளையாட்டு அது. 2018 மார்ச்சில் பிரிகிட் வந்தாள். மூன்று டேங்க், மூன்று சப்போர்ட் (உயிர் ஏற்றி உதவுகிறவர்கள்) என்று ஆறு பேரும் ஒரே கட்டியாக நகர்கிற ஆட்டம் அதற்குப் பிறகு தலையெடுத்து, போட்டிகளை நீண்ட காலம் ஆட்டிப் படைத்தது. அவள் ஒருத்தியால் வந்த வினை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தக் கட்டிக்கு அவள் முக்கியமான பசை. சின்னச் சின்ன நெர்ஃப்களால் (பலத்தைக் குறைக்கும் திருத்தங்களால்) அதைக் கரைக்க முடியவில்லை. கடைசியில் 2019 ஆகஸ்டில், அணிக்கு இரண்டு டேங்க், இரண்டு டேமேஜ் (தாக்குகிறவர்கள்), இரண்டு சப்போர்ட் என்று விளையாட்டின் சட்டத்தையே மாற்றினார்கள். ஆட்களைச் சேர்க்கும்போது எல்லா விதமான அணியும் சாத்தியம் என்ற ஆசையில் சேர்த்தார்கள், சேர்த்த பிறகு இன்ன அணிதான் என்று வேலி போட வேண்டி வந்தது.

அதே விளையாட்டில் 2020 மார்ச்சில் இன்னொரு வைத்தியமும் பார்த்தார்கள். வாரத்துக்குச் சில ஹீரோக்களைப் போட்டி ஆட்டங்களிலிருந்து எடுத்துவிடுவது, அடுத்த வாரம் வேறு சிலரை எடுப்பது. சில மாதங்களில் அதைக் கைவிட்டார்கள். நீங்களும் இப்படி ஏதோ யோசிக்கிறீர்கள் என்று காற்றுவாக்கில் கேள்விப்பட்டேன். வேண்டாம். பலருக்கு ஒரு ஹீரோதான் விளையாட்டே. கிழவி இல்லாத வாரத்தில் நான் உள்ளே வந்து என்ன செய்வேன்?

பணத்தைப் பற்றி நீளமாகப் பேச விருப்பமில்லை. உங்களுக்கும் சம்பளம் வேண்டும். ஆனால் ஹீரோவையே பூட்டி வைத்து விற்பது என் புகாரோடு நேராகச் சம்பந்தப்பட்டது. என்னைக் கொன்ற ஹீரோவை நானும் ஒரு முறை ஆடிப் பார்த்தால்தான் அவன் எப்படிக் கொன்றான் என்று புரியும். அதற்குப் பணம் கட்டு, இல்லையென்றால் ஆட ஆடப் பரிசுகள் திறக்கும் பேட்டில் பாஸில் படிப்படியாக ஏறி வா என்றால், பாடப் புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் பரீட்சை வைக்கிற மாதிரி இருக்கிறது. டோட்டா 2-இல் நூற்றுக்கு மேற்பட்ட ஹீரோக்கள், எல்லாரும் எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறார்கள். 2024 டிசம்பரில் வந்த மார்வெல் ரைவல்ஸும் அப்படித்தான். ஓவர்வாட்ச் 2 தொடக்கத்தில் புது ஹீரோக்களை பேட்டில் பாஸுக்குள் வைத்தது, 2024 ஏப்ரலில் அந்தப் பூட்டைக் கழற்றிவிட்டது. உடையை விற்றுக்கொள்ளுங்கள், நடனத்தை விற்றுக்கொள்ளுங்கள். (உடையிலும் ஒரு வேண்டுகோள்: டேங்குக்கு ஒல்லியான வெள்ளை உடை போட்டு விற்றீர்களே, அவனை உயிர் ஏற்றுகிற ஹீலர் என்று நினைத்து ஓடிப்போய் அடித்துச் செத்தவன் நான்.)

இன்னொன்று. ஒவ்வொரு புது ஹீரோவும் முதல் இரண்டு வாரம் அசுர பலத்தோடு வருவதும், எல்லாரும் வாங்கி முடித்ததும் நெர்ஃப் ஆவதும் தற்செயல்தான் என்று நீங்கள் சொல்கிறீர்கள். நம்புகிறேன். ஆறு ஆண்டுகளாக நம்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எங்கள் கூட்டத்தில் ஐந்தாவது ஆள் ஒருவன் இருந்தான். அவன்தான் எங்கள் டேங்க், என்னைவிட நன்றாக ஆடுவான். வாழ்க்கையில் ஏதேதோ நடந்து எட்டு மாதம் வர முடியவில்லை. போன மாதம் ஓர் இரவு உள்ளே வந்தான். நாங்கள் எல்லாரும் ஆர்ப்பாட்டம் செய்து வரவேற்றோம். தேர்வுத் திரை திறந்தது. முன்பெல்லாம் அந்தத் திரை ஒரே பார்வையில் முடிந்துவிடும், இப்போது கீழே உருட்ட வேண்டியிருக்கிறது. அவன் உருட்டிக்கொண்டே இருந்தான், மைக்கில் சத்தமே இல்லை. அப்புறம், "டேய், இதுல பாதிப் பேர் யாருன்னே தெரியலடா" என்றான். தனக்குத் தெரிந்த பழைய டேங்கை எடுத்து இரண்டு ஆட்டம் ஆடினான். இரண்டிலும் எதனால் செத்தேன், எதனால் செத்தேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எங்களுக்கும் பாதிதான் தெரிந்தது. அதற்குப் பிறகு அவன் வரவில்லை. தினமும் பேசுகிறான், வேறு எல்லாவற்றையும் பேசுகிறான், விளையாட்டைப் பற்றிப் பேசுவதில்லை. புதிதாக வருகிறவரின் நிலை இதைவிட மோசமாக இருக்கும். அவருக்கு விளக்கிச் சொல்ல எங்களைப் போல நாலு பேர்கூட இருக்க மாட்டார்கள்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள்.

ஒரு சீசன் நிறுத்துங்கள். ஒரே ஒரு சீசன், புது ஹீரோ இல்லாமல். ரெயின்போ சிக்ஸ் சீஜ் என்ற விளையாட்டு 2017-இல் இதைச் செய்தது. வர வேண்டிய புது ஆட்களையும் மேப்பையும் (ஆடுகளத்தையும்) தள்ளிப்போட்டு, ஒரு முழு சீசனைப் பழுது பார்ப்பதற்கே ஒதுக்கினார்கள். ஆபரேஷன் ஹெல்த் என்று பெயர் வைத்தார்கள். அப்போது கேலி செய்தவர்களும் உண்டு, கோபப்பட்டவர்களும் உண்டு. ஆனால் அதற்குப் பிறகும் அந்த விளையாட்டு பல ஆண்டுகள் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் நிறுத்தினால் கூட்டம் கலையும் என்று பயந்தால், அந்த சீசனின் பெரிய அறிவிப்பாகப் பழைய மூன்று பேரை எடுத்துச் செப்பனிட்டு, அதே கறுப்பு நிழலுருவப் படத்தைப் போட்டு ஆர்ப்பாட்டமாக வெளியிடுங்கள். கிழவியின் நிழலை அப்படிப் பார்த்தால் நான் அன்றைக்கு இரவு தூங்க மாட்டேன்.

அதைவிட முக்கியமாக, செத்த பிறகு வரும் திரையை மாற்றுங்கள். இப்போது அதில் என்னைக் கொன்றவரின் படமும், அவர் வாங்கிய உடையின் பெயரும், ஒரு எண்ணும் வருகின்றன. அந்த உடை யாருக்கு வேண்டும்? அந்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் போடுங்கள்: இன்னார் விரித்த வலையை இன்னார் கதவாக்கினார், அதனால் உன் கேடயம் வேலை செய்யவில்லை. கணிப்பொறிக்கு இது தெரியாமலா என்னைக் கொன்றது? மீண்டும் உயிர்த்தெழ நான் காத்திருக்கும் அந்தப் பத்து நொடி பாடம் படிக்கப் போதும். பக்கத்திலேயே ஒரு பொத்தான் வையுங்கள். ஆட்டம் முடிந்ததும் அதை அழுத்தினால் பயிற்சி அறையில் அதே இருவரும் கணிப்பொறி ஆடும் எதிரிகளாக வந்து நின்று, நான் தப்பிக்கக் கற்றுக்கொள்ளும்வரை அதையே திரும்பத் திரும்பச் செய்யட்டும்.

பேன் (ban) எண்ணிக்கையையும், அதாவது ஆட்டத்துக்கு முன் ஓர் அணி எத்தனை ஹீரோக்களைத் தடை செய்யலாம் என்பதையும், பாருங்கள். லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் 2017 முதல் அணிக்கு ஐந்து, மொத்தம் பத்து பேன். சீஜ் 2018-இல் பேனைக் கொண்டுவந்தது. நெடுநாள் தயங்கிய ஓவர்வாட்ச்கூட 2025-இல் கொண்டுவந்துவிட்டது. நம் விளையாட்டில் அணிக்கு ஒன்று. தேர்வுத் திரை ஒரே பார்வையில் முடிந்த காலத்தில் வைத்த கணக்கு அது. மேடையில் ஆடுகிறவர்களுக்குப் பெரிய பட்டியல் ஒரு வரம்தான். லீக்கின் பந்தயங்களில் 2025 முதல், ஒரு தொடரில் ஒருமுறை எடுத்த சாம்பியனை அதே தொடரில் மறுபடி எடுக்க முடியாது என்று விதி வைத்திருக்கிறார்கள். அதனால் மூலையில் கிடந்த பெயர்களுக்கெல்லாம் வேலை வந்திருக்கிறது. பார்க்க அற்புதமாக இருக்கிறது. அவர்களுக்கு அது தொழில், நாள் முழுக்கப் பயிற்சி, பக்கத்தில் பயிற்சியாளர். எனக்கு மூன்று ஆட்டம், அப்புறம் தூக்கம். இரண்டு பேருக்கும் ஒரே பாடத்திட்டம் வைக்காதீர்கள்.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய ஹீரோக்கள் ஒவ்வொருவரும் அல்ட்டி (தங்களுடைய மிகப் பெரிய திறன்) போடும்போது தனித்தனியாகக் கத்துவார்கள், கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். புதியவர்களில் மூன்று பேருக்கு ஒரே மாதிரி உறுமல். ஊதா நிறமும் மூன்று பேருக்கு. என்னைக் கொன்ற அந்த வலையும் ஊதா, எங்கள் அணி ஹீலர் விரிக்கும் காப்பு வட்டமும் ஊதா. நிறங்கள் தீர்ந்துபோய்விட்டன என்றால், நிறுத்த வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம் என்று அதற்கு ஓர் அர்த்தம் இருக்கலாம்.

அடுத்த சீசனுக்கான நிழலுருவம் நேற்று வந்துவிட்டது, பார்த்தேன். கையில் நீளமாக ஏதோ இருக்கிறது. குடை என்கிறான் ஒருவன், துடுப்பு என்கிறான் இன்னொருவன். எனக்கு அது தடி மாதிரிதான் தெரிகிறது, அது என் ஆசையாகவும் இருக்கலாம். வெளியாகிற இரவில் நானும் அந்தப் பத்துப் பேரில் ஒருவனாக இருப்பேன். ஏழாவது வரியில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கிழவியை மட்டுமே ஆடுகிற ஒருவன்